கல்லச்சில் ஒரு வாழ்வு: கேலிச்சித்திரக்காரர் ஒனோரே தோமியே

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஆசிரியரின் முகத்தை வரைந்து வைக்கும் மாணவர் ஒருவரேனும் இல்லாத வகுப்பைக் காண்பது அரிது. நான்கு கோடுகளே இருக்கும். ஆயினும் பார்ப்போர் அனைவரும் இன்னார் என்று உடனே கண்டுகொள்வர். அத்தகைய மாணவர் படம் வரைவதையே பிழைப்பாகக் கொள்ள விரும்புவதாக வீட்டில் கூறினால், அது சோறு போடுமா என்ற கேள்வியே முதலில் எழும். பிள்ளையின் நலம் நாடும் மூத்தோர் கேட்கத்தக்க கேள்வியே அது. அதற்கு வாதத்தால் விடை தேடுவதைவிட, அத்தொழிலிலேயே நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒருவரின் வாழ்வைக் கொண்டு விடை தேடுதல் நலம் எனக் கருதுகிறோம். அவர் பிரான்சு நாட்டின் கேலிச்சித்திரக்காரர் ஒனோரே தோமியே ஆவார்.

தோமியே 1808 ஆம் ஆண்டு தென்பிரான்சின் துறைமுக நகரான மார்செய்யில் பிறந்தார். தந்தையார் சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி; கவிதை எழுதும் ஆர்வமும் உடையவர். கவிஞராகப் புகழ்பெறும் கனவோடு அவர் பாரிஸ் சென்றார். சில காலத்தில் குடும்பமும் அங்கே குடிபெயர்ந்தது. கனவு பலிக்கவில்லை; வறுமையே வந்து சேர்ந்தது. கலையை நம்பிக் கைப்பொருள் இழந்த அத்தந்தையே, மகன் ஓவியம் கற்க விரும்பியபோது தயங்கினார் என்பதில் வியப்பில்லை.

எனவே, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் சிறுவன் தோமியே வேலைக்கு அனுப்பப்பட்டான். முதலில் கிடைத்தது நீதிமன்ற அமீனா ஒருவரிடம் எடுபிடி வேலை. கட்டுக்கட்டாகக் காகிதங்களைச் சுமந்துகொண்டு நீதிமன்றத்திற்கும் அலுவலகத்திற்கும் ஓடுவதே பணி. கறுப்பு அங்கி பறக்க விரையும் வழக்கறிஞர்கள், உறங்கி வழியும் நீதிபதிகள், எதுவும் விளங்காமல் கைகட்டி நிற்கும் ஏழைக் கட்சிக்காரர்கள் ஆகியோரை அவன் அங்கே நாள்தோறும் கண்டான். அடுத்து, பாரிஸின் அரச மாளிகைக் கடைவீதியில் இருந்த புத்தகக் கடையொன்றில் பணியாற்றினான். நகரத்தின் நாகரிக மாந்தர் அனைவரும் உலவிய வீதி அது. நடை, உடை, தலையசைப்பு, தொப்பி கழற்றும் விதம் என மனிதர் தம்மைக் காட்டிக்கொள்ளும் வகைகளையெல்லாம் அவன் கண்கள் சேமித்தன. இவ்விரண்டு வேலைகளும் வயிற்றுக்காகச் செய்தவை. ஆயினும் பிற்காலத்தில் அவர் தூரிகைக்குத் தீனியிட்டவை இவையே.

1822 ஆம் ஆண்டளவில் பெற்றோர் இசைந்தனர். பழஞ்சிற்பங்களைக் காப்பதில் பெயர்பெற்ற அலெக்சாந்தர் லெனுவாரிடம் தோமியே ஓவியம் பயின்றார். வார்ப்புச் சிலைகளைப் பார்த்து வரைவதே அக்காலப் பயிற்சிமுறை. லூவர் அருங்காட்சியகத்தின் சிற்பங்களையும் அவர் நெடுநேரம் நோக்கி வரைந்தார். உடம்பின் கனத்தைக் கோட்டில் காட்டும் திறம் அங்கே கைவந்தது. கேலிச்சித்திரம் வரைவோர்க்கு மரபான ஓவியப் பயிற்சி எதற்கு என்று நினைப்போர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். மூக்கைப் பெரிதாக்கி வரைய விரும்புவோர் மூக்கின் உண்மையான அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும்.

பின்னர் பெல்லியார் என்பவரிடம் கல்லச்சுத் தொழிலைக் கற்றார். ஜெர்மானியரான செனஃபெல்டர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்த முறை இது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படம் வரைவர். கல்லை நீரால் நனைத்தபின் அச்சுமையை உருட்டினால், ஈரம் உள்ள இடத்தில் மை ஒட்டாது. பசையுள்ள கோட்டில் மட்டும் ஒட்டும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ வேறொருவர் செதுக்கித் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓவியரின் கைக்கோடே அப்படியே அச்சேறும். படம் இடவலமாக மாறிப் பதியும் ஆதலால், எழுத்துகளையும் உருவங்களையும் தலைமாற்றி எண்ணி வரையும் பழக்கமும் வேண்டும்.

தொழில் கைவந்ததும் புகழ் வந்துவிடவில்லை. இசைநூல்களுக்குப் படம், விளம்பரங்களுக்குப் படம், பதிப்பாளர் கேட்ட சில்லறைப் படங்கள் என, தம் பெயரும் இடம்பெறாத பணிகளையே அவர் முதலில் செய்தார்.

1830 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் லூயி பிலிப் அரசரானார். அவ்வாண்டிலேயே சார்ல் ஃபிலிப்போன் என்பவர் 'லா காரிகேச்சர்' என்ற கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். அரசரின் முகத்தைப் பேரிக்காயாக மாற்றிக் காட்டி நாட்டையே நகைக்கவைத்தவர் அவர். இளைஞர் தோமியேயின் ஆற்றலை அவர் கண்டுகொண்டார். நாடாளுமன்றப் பெரும்புள்ளிகளின் தலைகளைத் தோமியே களிமண்ணில் சிறு சிறு உருவங்களாகச் செய்து, அவற்றைக் கொண்டு படங்கள் வரைந்தார். அவற்றுள் முப்பத்தாறு இன்றும் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன.

1831 டிசம்பரில் அவர் வரைந்த படமொன்றில் அரசர் பெருந்தீனிக்கார அரக்கனாக அமர்ந்திருக்கிறார். ஏழை மக்களிடமிருந்து பறித்த காசு கூடைகூடையாக அவர் வாய்க்குள் செல்கிறது. கீழே பதவிகளும் பட்டங்களும் வேண்டியவர்க்கு உதிர்கின்றன. இதற்காக ஆறு மாதச் சிறையும் 500 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. 1832 ஆகஸ்டில், இருபத்து நான்கு வயதில், அவர் சிறை சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் ஃபிலிப்போன் 'லெ ஷரிவரி' என்ற நாளிதழையும் தொடங்கினார். விடுதலையான தோமியே அதன் தூண்களுள் ஒருவரானார்.

1834 ஏப்ரலில் பாரிஸில் கிளர்ச்சி மூண்டது. திரான்ஸ்னோனன் தெருவின் வீடொன்றில் புகுந்த படைவீரர், அங்கே குடியிருந்தோரைச் சுட்டும் குத்தியும் கொன்றனர். தோமியே அதனை வரைந்தபோது கேலியை முற்றிலும் விலக்கினார். இரவு உடையில் கட்டிலருகே பிணமாய்க் கிடக்கும் ஒருவர், அவர் உடலின் கீழே நசுங்கிய குழந்தை, கவிழ்ந்த நாற்காலி. எந்த மிகையும் அதில் இல்லை. நகைக்க வைக்கத் தெரிந்த கை, நகைக்கக் கூடாத இடம் எது என்பதையும் அறிந்திருந்தது. இக்கலையைப் பயில்வோர் கற்க வேண்டிய பாடங்களுள் இதனினும் பெரியது ஒன்று இருப்பதாக நாம் கருதவில்லை.

1835 செப்டம்பரில், முன் அனுமதியின்றிப் படம் வெளியிடலாகாது எனச் சட்டம் வந்தது. அரசியல் கேலிச்சித்திரத்திற்கு வழி அடைபட்டது. தோமியே கோலைக் கீழே வைக்கவில்லை. பார்வையைச் சமூகத்தின்பால் திருப்பினார். பங்கு விற்று ஏமாற்றும் வணிகன், வாடகை கேட்டு நிற்கும் வீட்டுக்காரன், இரயிலில் நெருக்குண்ட பயணி ஆகியோர் அவர் படங்களில் உயிர்பெற்றனர். 1845 முதல் 1848 வரை வெளிவந்த நீதிமன்ற மாந்தர் வரிசை பெரும்புகழ் பெற்றது. அமீனாவின் எடுபிடிச் சிறுவன் கண்ட காட்சிகள், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து இவ்வாறு அச்சேறின. மாதிரிக்கு ஆளை நிறுத்தி வரைவது அவர் வழக்கமன்று, நினைவிலிருந்தே வரைந்தார்.

இனி, சோற்றுக் கேள்விக்கு வருவோம். தோமியேக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. முடித்துத் தந்த கற்களுக்கே கூலி. வாழ்நாளில் அவர் வரைந்த கல்லச்சுப் படங்கள் ஏறத்தாழ 4000. நாற்பது ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் வாரத்திற்கு இரண்டு. நூல்களுக்கும் இதழ்களுக்கும் மரச்செதுக்கு அச்சுக்காக வரைந்தவை ஏறத்தாழ 1000. இவ்வளவு உழைத்தும் 1860 ஆம் ஆண்டு 'லெ ஷரிவரி' அவரை விலக்கியது. வாசகர்க்கு அவர் படங்கள் சலித்துவிட்டன என்பதே காரணம். பெரிதும் ஒரே இதழை நம்பியிருந்தவர்க்கு அது பேரிடியாயிற்று. வீட்டுப் பொருள்களை விற்கும் நிலை வந்தது. அந்த இடைவெளியில் அவர் வண்ண ஓவியத்தில் ஆழ்ந்தார். மூன்றாம் வகுப்பு இரயில் பெட்டியில் கூடையோடு அமர்ந்திருக்கும் மூதாட்டியையும் குழந்தைக்குப் பாலூட்டும் தாயையும் காட்டும் ஓவியம் அக்காலப் பகுதியைச் சேர்ந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப்பின் இதழ் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது.

1870 ஆம் ஆண்டு அரசு உயரிய விருதொன்றை அளிக்க முன்வந்தபோது, ஆரவாரமின்றி அதனை மறுத்தார். பட்டங்கள் உதிர்வதைப் படமாக வரைந்து சிறை சென்றவர் அன்றோ! பின்னர்க் கண்பார்வை மங்கியது. 1872 ஆம் ஆண்டோடு கல்லச்சுப் பணி நின்றது. வால்மோந்துவா என்ற சிற்றூரில் வாழ்ந்த அவர்க்கு ஓவியர் கோரோ உற்றுழி உதவினார். 1878 இல் நண்பர்கள் பாரிஸில் அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். விக்தோர் ஹ்யூகோ மதிப்புறு தலைவராக இருந்தார். ஆயினும் வரவு செலவை ஈடுகட்டவில்லை. 1879 பிப்ரவரியில் தோமியே மறைந்தார்.

அவர் இட்ட வித்து எல்லை கடந்தது. 1841 இல் இலண்டனில் தோன்றிய 'பஞ்ச்' இதழ், தன்னை இலண்டன் ஷரிவரி என்றே அழைத்துக்கொண்டது. அதன் சாயலில் இந்திய நகரங்களிலும் நகைச்சுவை இதழ்கள் எழுந்தன. தமிழில், 1906 இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் அரசியல் கருத்துப்படங்களுக்கு இடம் தந்தார். அடக்குமுறை முற்றியபோது அவ்விதழ் புகலடைந்தது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் என்பது நினைக்கத்தக்கது.

படம் வரைந்து பிழைக்க இயலுமா எனில், இயலும். ஆயின் அப்பிழைப்பு எளிதன்று என்பதே தோமியேயின் வாழ்வு தரும் விடை. ஆசிரியரிடம் முறையாகக் கற்க வேண்டும். அச்சுக்கூடத்தின் தொழில்நுட்பத்தை அறிய வேண்டும். கிடைத்த சிறுபணியையும் செம்மையாகச் செய்ய வேண்டும். ஒரே வாயிலை நம்பியிருத்தல் ஆகாது. கூலிக்கு வரையலாம், ஆனால் கண்டதற்கு மாறாக வரைதல் கூடாது. மூத்தோர்க்கும் நம் பணிவான விண்ணப்பம் ஒன்றுண்டு: கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக் கண்டு சினந்துகொள்ளுமுன், அந்த நான்கு கோடுகளை ஒருமுறை நின்று நோக்குங்கள்.