ஷேக்ஸ்பியரின் குலச்சின்னம்: குறியீடும் வாழ்வும்

ஸ்ட்ராட்ஃபோர்டில் 1564இல் பிறந்த வில்லியம் ஷேக்ஸ்பியர், கையுறை செய்து விற்ற ஜான் ஷேக்ஸ்பியரின் மகன். தந்தை முன்னர்க் கோரியும் கைகூடாத குலச்சின்ன உரிமை, 1596 அக்டோபர் 20இல் அத்தந்தையின் பெயரிலேயே வழங்கப்பெற்றது. அதனால் கைவினைக் குடும்பம் உயர்குடித் தகுதி எய்தியது.

பொன்னிறக் கேடயத்தின் குறுக்கே சாய்ந்த கரும்பட்டை. அதன்மேல் வெள்ளிமுனை ஈட்டி. கேடயத்திற்கு மேலே, ஈட்டி ஏந்திச் சிறகு விரித்த வல்லூறு. ஈட்டியை அசைத்தல் என ஆங்கிலத்தில் பொருள்படும் குடும்பப் பெயரையே ஈட்டி உணர்த்துகிறது. வல்லூறோ உயர்குடியினர் வேட்டைக்குப் பழக்கிய பறவை.

நாடக நடிகர்க்கு இத்தகுதி பொருந்தாதென 1602இல் சின்னப் பதிவு அலுவலர் ரால்ஃப் புரூக் கண்டித்தார். எனினும் உரிமை நிலைத்தது. ஆண்வழியில் அதனைப் பெறவேண்டிய ஒரே மகன் ஹாம்னெட், உரிமை கிட்டுதற்கு இரு திங்கள் முன்னரே 11 வயதில் இறந்திருந்தான். வழித்தோன்றல்களுக்கென வேண்டிய சின்னம், 1616இல் மறைந்த ஷேக்ஸ்பியரின் நினைவுச்சின்னத்தில் இடம்பெற்றது.