அடைக்கலம் காத்த சின்ன மருது

காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுவயல், இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் சிவகங்கைச் சீமையின் அரசியலில் முதன்மை பெற்றிருந்தது. அங்கு அரண்மனை அமைத்து வாழ்ந்தவர் சின்ன மருது. நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் 1753ஆம் ஆண்டு பிறந்த அவர், தமையனார் பெரிய மருதுவுடன் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணியில் சேர்ந்தார்.

1772இல் ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு நவாபும் இணைந்து காளையார்கோவிலைத் தாக்கினர். மன்னர் களத்தில் வீழ்ந்தார். அரசி வேலுநாச்சியாரை மருது சகோதரர் விருப்பாட்சிக்குக் காத்து அழைத்துச் சென்றனர். ஹைதர் அலியின் துணையுடன் 1780இல் சீமையை மீட்டனர். பெரிய மருது படைத்தலைவராகவும் சின்ன மருது அமைச்சராகவும் பொறுப்பேற்றனர். காளையார்கோவில், குன்றக்குடி ஆகிய ஊர்களில் கோவில் திருப்பணிகள் புரிந்தனர். அந்த அமைதிக் காலத்தில், 1795ஆம் ஆண்டு, ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சின்ன மருது கற்றுக்கொடுத்தார்.

1801ஆம் ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மருதுவிடம் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்கும்படி கும்பினியார் கேட்டனர். இணங்கியிருந்தால் ஆட்சி நிலைத்திருக்கக்கூடும், மருது மறுத்தார். ஜூன் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் அவர்தம் அறிக்கை ஒட்டப்பட்டது. சாதி வேறுபாடின்றி அனைவரும், ஆங்கிலேயர் படையிலிருந்த வீரர்களும் கூட, அயலாட்சிக்கு எதிராகத் திரளவேண்டும் என அது அறைகூவியது. பாளையக்காரர் தத்தம் எல்லைக்காகப் போரிட்ட நிலையைக் கடந்து, நாடு முழுமைக்குமான விடுதலையை அது முன்வைத்தது.

கர்னல் அக்னியூ தலைமையில் பெரும்படை வந்தது. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழியமைக்க அப்படை மேற்கொண்ட முயற்சி தோல்வியுற்றது. படைவலிமை மட்டும் போதாதெனக் கண்ட ஆங்கிலேயர், படமாத்தூர் கௌரி வல்லபரைச் சீமைக்கு உரியவராக அறிவித்து மக்களின் ஒற்றுமையைக் குலைத்தனர். அக்டோபர் முதல் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. அம்மாதம் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

1802இல் சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். தூத்துக்குடியில் அவர்களைக் காவலில் வைத்திருக்கும் பொறுப்பு, சின்ன மருதுவிடம் வளரி பயின்ற அதே வெல்ஷிடம் வந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் பினாங்கில் அவர் துரைசாமியை மீண்டும் கண்டார். முப்பத்தைந்து வயதையும் எட்டாத அவ்விளைஞர் முதியவராகத் தோன்றினார். அடைக்கலம் புகுந்த ஒருவரைக் கைவிடாமைக்குச் சின்ன மருதுவின் குடும்பம் செலுத்திய விலை அது.