நேரத்தை வாங்கியவர்

போன செமஸ்டர் கம்யூனிகேஷன் பேப்பரில் ஏ.எம். மாடுலேஷன் படிச்சோம், ஞாபகம் இருக்கா? கேரியர் வேவ், சைடுபேண்ட், மாடுலேஷன் இண்டெக்ஸ் எல்லாம் எழுதி மார்க் வாங்கியாச்சு. ஆனா அந்த அலையை வெச்சு யார் எப்படி காசு பண்ணாங்கன்னு எந்த யூனிட்லயும் வரல. அதைத் தேடிப் படிச்சப்போ கிடைச்சவர்தான் வில்லியம் பேலி. அமெரிக்காவின் சிபிஎஸ் ரேடியோ நெட்வொர்க்கை வளர்த்தவர். அவர் இன்ஜினியர் கிடையாது. சுருட்டு விற்கும் வீட்டுப் பிள்ளை.

1901 செப்டம்பர் 28-ஆம் தேதி சிகாகோவில் பிறந்தார். அப்பா சாமுவேல் பேலி, உக்ரைன் பகுதியிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சுருட்டுத் தொழிலில் இறங்கி, சொந்தமாக கம்பெனி வெச்சு, 'லா பலினா' என்ற பிராண்டைப் பெரிதாக்கினார். பிறகு குடும்பமும் கம்பெனியும் பிலடெல்பியாவுக்கு மாறின. பையன் அங்கே வார்ட்டன் ஸ்கூலில் பிசினஸ் படிச்சு 1922-இல் டிகிரி முடித்துவிட்டு, அப்பாவின் கம்பெனியிலேயே விளம்பர வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போ ரேடியோ புதுசு. விளம்பரத்துக்கு அது உதவுமான்னு யாருக்கும் தெரியாது. வீட்டுப் பெரியவர்கள் ஊரில் இல்லாத சமயம், பேலி உள்ளூர் ஸ்டேஷன் ஒன்றில் வாரம் 50 டாலருக்கு ஒரு மணி நேரத்தை வாங்கி, லா பலினா பெயரில் ஒரு நிகழ்ச்சியை ஓட்டினார். திரும்பி வந்த சித்தப்பாவுக்கு செம கோபம். காற்றில் போகிற சத்தத்துக்கு எதுக்குக் காசு? உடனே நிறுத்தச் சொன்னார், நிறுத்தியாச்சு. அதுக்கு அப்புறம்தான் வேடிக்கை. அந்த நிகழ்ச்சி எங்கே போச்சுன்னு ஆட்கள் வீட்டுக்காரர்களிடம் கேட்க ஆரம்பித்தார்கள். பேப்பரில் எவ்வளவோ விளம்பரம் கொடுத்தபோது ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. ரேடியோ விளம்பரம் மறுபடி தொடங்கியது. ஒரே வருஷத்துக்குள் சுருட்டு விற்பனை இரண்டு மடங்கைத் தாண்டியது.

பேலி கற்ற முதல் பாடம் இதுதான்: ரேடியோவில் விற்கிற சரக்கு டிரான்ஸ்மிட்டரும் இல்ல, பாட்டும் இல்ல. ஒரு மணி நேரம். அவ்வளவுதான்.

இந்தப் பக்கம், 1927-இல் ஆர்தர் ஜட்சன் என்ற கச்சேரி ஏற்பாட்டாளர் ஒரு ரேடியோ நெட்வொர்க் தொடங்கியிருந்தார். நெட்வொர்க் என்றால் என்னன்னு ஒரு வரியில் சொல்லிடறேன். நியூயார்க்கில் ஒரு ஸ்டுடியோ. அங்கே பாடுவது டெலிபோன் கம்பெனியின் வாடகை லைன் வழியாகப் பல ஊர்களுக்குப் போகும். அந்தந்த ஊர் ஸ்டேஷன் அதைத் தன் டிரான்ஸ்மிட்டர் வழியாக விடும். நெட்வொர்க் எல்லா ஸ்டேஷனையும் சொந்தமாக வெச்சிருக்கணும்னு இல்ல. ஒப்பந்தம் போதும்.

ஜட்சன் போட்ட ஒப்பந்தம்தான் பிரச்சனை. 16 ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் வாரம் 10 மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, வாரம் 500 டாலர் தருவதாக வாக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க: 16 × 500, வாரம் 8,000 டாலர். விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாகணும். டெலிபோன் லைன் வாடகை தனி. கொலம்பியா போனோகிராப் என்ற இசைத்தட்டு கம்பெனி பணம் போட்டு, தன் பெயரையும் கொடுத்து, கொஞ்ச நாளிலேயே கையைச் சுட்டுக்கொண்டு விலகியது. பெயர் மட்டும் மிஞ்சியது. சிபிஎஸ்ஸில் இருக்கிற 'சி' அந்த கொலம்பியாதான்.

அந்த நஷ்டக் கம்பெனியில் பங்கு வெச்சிருந்தவர்களில் ஒருவர் லியோன் லெவி, பேலியின் தங்கை கணவர். அவர் வழியாக விஷயம் பேலி வீட்டுக்கு வந்தது. 1928 செப்டம்பரில் பேலி குடும்பம் சில லட்சம் டாலர் போட்டு கம்பெனியைக் கையில் எடுத்தது. வில்லியம் பேலி அதன் தலைவர். அவருக்கு 27 முடிய இன்னும் சில நாள் பாக்கி.

எதிரில் நின்றது யார் தெரியுமா? என்பிசி. ரேடியோ பெட்டி விற்கும் ஆர்சிஏ கம்பெனியின் பிள்ளை. கையில் ஒன்றுக்கு இரண்டு நெட்வொர்க். ஆர்சிஏவின் டேவிட் சார்னாஃப் தந்தி ஆபரேட்டராக வாழ்க்கையைத் தொடங்கி, தொழில்நுட்பத்தைக் கரைச்சுக் குடிச்சவர். பேலியிடம் இருந்தது சுருட்டு விற்ற அனுபவம்.

இங்கேதான் பேலி ஒப்பந்தத்தைத் திருப்பிப் போட்டார். ரேடியோவில் அப்போ இரண்டு வகை நிகழ்ச்சி. ஒன்று, கம்பெனிகள் காசு கொடுத்து நடத்தும் விளம்பர நிகழ்ச்சி. இன்னொன்று, விளம்பரதாரர் கிடைக்காத நேரத்தை நிரப்ப நெட்வொர்க் தன் செலவில் தயாரிப்பது. இந்த இரண்டாவது வகைக்கு என்பிசி தன் ஸ்டேஷன்களிடம் காசு வாங்கியது. பேலி அதை இலவசம் என்றார். வேணும்ங்கிற அளவு எடுத்துக்கோங்க, ஒரு பைசா வேண்டாம். அதுக்குப் பதிலா ஒரே ஒரு நிபந்தனை: விளம்பரதாரர் வந்தால், நாங்கள் கேட்கிற நேரத்தை விட்டுக் கொடுக்கணும்.

சின்ன ஊர் ஸ்டேஷன்காரரின் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. 1929-இல் பங்குச் சந்தை சரிந்து நாடு முழுக்கப் பஞ்சம். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்தை நிரப்பியாகணும். பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் சம்பளம் கொடுக்க வழியில்லை. நியூயார்க் ஆர்கெஸ்ட்ரா இலவசமாக வருதுன்னா யார் வேண்டாம்னு சொல்லுவா? வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். 16-ஆக இருந்த ஸ்டேஷன்கள் 1930-களின் இறுதியில் 100-ஐத் தாண்டின.

ஒப்பந்தம் மட்டும் போதாது, சில ஊர்களில் சொந்த ஸ்டேஷனும் வேணும் என்பதிலும் பேலி தெளிவாக இருந்தார். பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே, 1928 டிசம்பரில், நியூயார்க்கில் டபிள்யூஏபிசி ஸ்டேஷனை சுமார் 4 லட்சம் டாலருக்கு வாங்கினார். இன்றைய ஏபிசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பின்னாளில் அதுவே டபிள்யூசிபிஎஸ் ஆனது. அடுத்து சிகாகோவில் டபிள்யூபிபிஎம், செயின்ட் லூயிஸில் கேஎம்ஓஎக்ஸ், மினியாபொலிஸில் டபிள்யூசிசிஓ. 1936-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கேஎன்எக்ஸ், விலை 12.5 லட்சம் டாலர்.

ஏன் இந்த ஊர்கள்? நம்ம சிலபஸ் இங்கேதான் உதவுது. ஏ.எம். அலை பகலில் தரையோடு போய்க் கொஞ்ச தூரத்தில் தேய்ந்துவிடும். இரவில் அயனோஸ்பியரில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தாண்டி இறங்கும். அரசு அனுமதித்த உச்ச சக்தி 50 கிலோவாட். அந்த அளவுக்கு உயரக்கூடிய ஒரு ஸ்டேஷன் நாட்டின் நடுவில் இருந்தால், ராத்திரி பல மாநிலங்கள் அதன் பிடியில். வரைபடத்தில் கிழக்கு, நடு, மேற்கு என்று சரியான இடங்களில் காய் வெச்ச மாதிரி வாங்கினார். மற்ற ஊர்களுக்கு ஒப்பந்தம்.

நடுவில் ஒரு சூதாட்டமும் உண்டு. 1929-இல் பாரமவுண்ட் சினிமா கம்பெனி சிபிஎஸ்ஸின் 49 சதவீதப் பங்கை வாங்கியது. விலையைப் பணமாகத் தரவில்லை, தன் பங்குகளாகத் தந்தது. இரண்டு வருஷத்தில் சிபிஎஸ் 20 லட்சம் டாலர் லாபம் காட்டினால், அந்தப் பங்குகளை முன்பே பேசிய நல்ல விலைக்கு பாரமவுண்ட் திரும்ப வாங்கிக்கணும் என்று நிபந்தனை. உடனே மார்க்கெட் சரிந்தது. பாரமவுண்ட் பங்கும் சரிந்தது. ஆனால் பேலி இலக்கைத் தாண்டிவிட்டார். சொன்ன விலை கொடுக்க பாரமவுண்டிடம் பணம் இல்லை. 1932-இல் சிபிஎஸ் பங்குகள் திரும்ப பேலி பக்கமே வந்து சேர்ந்தன.

இதுவரை படிச்சா சூப்பர் ஸ்டார்ட்அப் கதை மாதிரி இருக்கும். ஆனா கையெழுத்துப் போட்ட அந்த ஸ்டேஷன்களுக்கு என்ன ஆச்சு?

ஒப்பந்தப்படி, 28 நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் சிபிஎஸ் அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். எந்த நேரத்தை? ஒளிபரப்பு நாள் முழுவதையும். அதாவது ஊர்க்காரர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைப் பல மாசம் வளர்த்து, கேட்க ஆள் சேர்ந்து, உள்ளூர் கடைக்காரர் விளம்பரம் கொடுக்க வந்த பிறகும், நியூயார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தால் 28 நாளில் அது காலி. அதனால் பலர் வளர்க்கவே முயற்சி செய்யவில்லை. டவர் அவர்களுடையது, லைசென்ஸ் அவர்களுடையது, கரண்ட் பில்லும் அவர்களுடையது. கடிகாரம் மட்டும் பேலியுடையது.

1941-இல் மத்திய தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி இதையேதான் தன் அறிக்கையில் பிடித்தது. நாளை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 3 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் உரிமை கோரக் கூடாது, 56 நாள் முன்னறிவிப்பு வேணும், ஒரே கம்பெனி இரண்டு நெட்வொர்க் நடத்தக் கூடாது என்றெல்லாம் விதி போட்டது. என்பிசியும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. 1943-இல் உச்ச நீதிமன்றம் எஃப்சிசி பக்கம் நின்றது. என்பிசி தன் இரண்டாவது நெட்வொர்க்கை விற்க வேண்டி வந்தது. அதுதான் பிறகு ஏபிசி ஆனது.

பேலியை வில்லன்னு சொல்லிட்டு முடிச்சிடலாமா? அதுவும் முடியாது. ஏன்னா, விற்காமல் கிடந்த நேரத்தில்தான் சிபிஎஸ் தன் நல்ல வேலைகள் பலவற்றைச் செய்தது. 1938 அக்டோபரில் செவ்வாய்க்காரர்கள் பூமியில் இறங்கிவிட்டதாக நாடகம் போட்டு கேட்டவர்களில் சிலரைப் பதற வெச்ச ஆர்சன் வெல்ஸின் நிகழ்ச்சிக்கு ஸ்பான்சரே கிடையாது. அந்த வருஷம் மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து நிருபர்களை ஒரே நிகழ்ச்சியில் நேரடியாகப் பேச வெச்சதும் சிபிஎஸ்தான். அதிலிருந்து எழுந்து வந்தவர் எட்வர்ட் மர்ரோ. லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது அங்கிருந்தே பேசி, அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைக்குப் போரைக் கொண்டு வந்தார். போரின்போது பேலியும் சீருடை போட்டு ராணுவத்தின் உளவியல் போர்ப் பிரிவில் வேலை பார்த்தார். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள்.

டிவி வந்த பிறகு 1954 மார்ச்சில், எல்லாரையும் கம்யூனிஸ்ட் என்று மிரட்டிக்கொண்டிருந்த செனட்டர் மெக்கார்த்தியை மர்ரோ தன் 'சீ இட் நவ்' நிகழ்ச்சியில் நேருக்கு நேர் எதிர்த்தார். பேலி தடுக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷம் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி, 64,000 டாலர் பரிசோடு, மர்ரோ நிகழ்ச்சிக்குச் சரியாக முன் நேரத்தில் வந்து பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த அரை மணி நேரத்தின் விலை ஏறினால், பக்கத்து அரை மணி நேரத்தின் விலையும் ஏறத்தானே செய்யும்? மர்ரோ நிகழ்ச்சி வாராந்திர இடத்தை இழந்தது. 1958-இல் மொத்தமாக நின்றது. ஊர் ஸ்டேஷன்களுக்கு நடந்த அதே கதை, இந்த முறை நண்பருக்கே. 1961-இல் மர்ரோ சிபிஎஸ்ஸை விட்டுப் போனார்.

பேலி நீண்ட காலம் அந்த நாற்காலியில் இருந்தார். 1970-களில் பழைய நிகழ்ச்சிகளைக் காப்பாற்றி வைக்க நியூயார்க்கில் ஒரு ஒலிபரப்பு மியூசியம் தொடங்கினார். இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது. 1990 அக்டோபர் 26-ஆம் தேதி 89 வயதில் காலமானார்.

இதை எழுதி முடிக்கும்போது மணி ராத்திரி ஒன்றரை. ஏழரைக்கு மெஸ்ஸில் சாப்பிட்டு வந்து, ஐந்து நிமிஷம்னு போனை எடுத்தது ஞாபகம் இருக்கு. எழுத உட்கார்ந்தது பத்தேமுக்காலுக்கு. நடுவில் பார்த்தது எதுக்குமே நான் காசு கொடுக்கல, எல்லாம் இலவசம். போன் என்னுடையது, டேட்டா பேக்கும் நான் போட்டதுதான். எனக்கு 28 நாள் நோட்டீஸ்கூட யாரும் கொடுக்கல.

பேலியிடம் கையெழுத்துப் போட்ட ஸ்டேஷன்காரர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி, இதுக்கு எவ்வளவு காசு என்பது. கேட்காமல் விட்ட கேள்வி, இதுக்கு எவ்வளவு நேரம் என்பது. அடுத்த முறை ஏதாவது ஃப்ரீன்னு வந்தா, அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டுப் பாருங்க நண்பர்களே. நானும் கேட்டுப் பார்க்கிறேன், நாளையிலிருந்து.