அணுவுக்காக வாதாடிய போல்ட்ஸ்மான்

பூஜை அறையில் ஊதுவத்தி ஏற்றுகிறோம். சற்று நேரத்தில் அதன் மணம் கூடம் முழுவதும் பரவிவிடுகிறது. பரவிய மணம் திரும்பி வந்து வத்தியின் நுனியில் ஒடுங்கியதை யாரும் கண்டதில்லை. ஏன் அப்படி? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் லுட்விக் போல்ட்ஸ்மான் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி.

இளமை

1844ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி வியன்னா நகரில் போல்ட்ஸ்மான் பிறந்தார். தந்தை வரித்துறை அதிகாரி. பதினைந்து வயதிலேயே போல்ட்ஸ்மான் தந்தையை இழந்தார். ஆயினும் படிப்பு தடைப்படவில்லை. வியன்னா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்டெஃபானிடம் பயின்று, 1866இல் டாக்டர் பட்டம் பெற்றார். மூன்றே ஆண்டுகளில், 25 வயதில், கிராட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

கிராட்ஸில் ஹென்ரியட் என்ற பெண்ணைச் சந்தித்தார். கணிதமும் பௌதிகமும் கற்க விரும்பிய அவரை, பெண் என்பதால் பல்கலைக்கழகம் வகுப்புக்குள் விட மறுத்தது. மேலிடத்துக்கு முறையிடுமாறு யோசனை சொன்னவர் போல்ட்ஸ்மான். 1876இல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

பெரிய சமன்பாடு

காற்று என்பது எண்ணற்ற மூலக்கூறுகளின் கூட்டம். ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கணக்கிட எவராலும் இயலாது. அதனால் போல்ட்ஸ்மான் வேறு வழியில் சென்றார். எந்த வேகத்தில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன, அவை மோதிக்கொள்வதால் அந்தத் தொகை எப்படி மாறுகிறது என்று மட்டும் கணக்கிட்டார். 1872இல் அவர் வெளியிட்ட அந்தச் சமன்பாடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அதில் அவர் ஓர் அனுமானம் செய்திருந்தார். மோதப்போகும் இரு மூலக்கூறுகளுக்கு முன்பின் உறவு கிடையாது என்பதே அது. ரயில் நிலையக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு போகும் இரு அந்நியரைப் போல அவை மோதும், பிரியும், மறந்துவிடும். வாயு எப்போதும் சமநிலையை நோக்கியே செல்லும் என்ற முடிவு இந்த மறதியிலிருந்து கிடைத்தது.

எதிர்ப்பு

முதல் கணையை எய்தவர் அவருடைய மூத்த நண்பர் லோஷ்மிட். மூலக்கூறுகளின் வேகங்களை எல்லாம் அப்படியே பின்னோக்கித் திருப்பினால், நியூட்டன் விதிப்படி வாயு வந்த வழியே திரும்ப வேண்டுமே என்று 1876இல் அவர் கேட்டார். மிக நியாயமான கேள்வி அது. 1877இல் போல்ட்ஸ்மான் விடையளித்தார். அப்படித் திரும்புவது முடியாதது அன்று. ஆனால் நம்ப முடியாத அளவுக்கு அரிது. கலைந்திருக்கும் விதங்கள் கோடானுகோடி; ஒழுங்காக இருக்கும் விதங்களோ மிகச் சில. ஆகவே இயற்கை கலைவை நோக்கியே செல்கிறது. என்ட்ரோபி என்னும் அளவை நிகழ்தகவோடு இணைத்த பெருமை அவருக்கே உரியது.

எதிர்ப்பு அத்துடன் ஓயவில்லை. அணு என்று ஒன்று உண்டு என்பதையே மாக், ஆஸ்ட்வால்ட் போன்ற பெரிய அறிஞர்கள் ஏற்கவில்லை. 1895இல் லூபெக் நகரில் கூடிய விஞ்ஞானிகள் மாநாட்டில் போல்ட்ஸ்மான் ஆஸ்ட்வால்டின் கொள்கையை எதிர்த்துக் கடுமையாக வாதாடினார். ஆனால் சொந்த வாழ்க்கையில் இருவரும் நண்பர்களே.

அலைந்த மனம்

அவருக்குக் கண்பார்வை மங்கியது, ஆஸ்துமா வாட்டியது. 1889இல் மூத்த மகனைப் பறிகொடுத்தார். உற்சாகமும் சோர்வும் மாறி மாறி அவரை ஆட்டிவைத்தன. கிராட்ஸ், மியூனிக், வியன்னா, லைப்சிக், மீண்டும் வியன்னா என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். ஆனால் வகுப்பில் அவர் பேச்சு மாணவர்களைக் கட்டிப்போடும். பிற்காலத்தில் புகழ்பெற்ற லிஸ் மைட்னர் அவரிடம் பயின்றவரே.

1906 செப்டம்பர் 5ஆம் தேதி, குடும்பத்துடன் ஓய்வுக்காகச் சென்றிருந்த டுயினோ என்ற கடலோர ஊரில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். விஞ்ஞான எதிர்ப்புதான் காரணம் என்று சொல்லிவிடுவது சரியாகாது. மனநோய் அவரை நெடுநாள் வருத்தி வந்தது.

அதற்கு முந்திய ஆண்டுதான் ஐன்ஸ்டீன், நீரில் மிதக்கும் துகள்களின் நடுக்கத்துக்கு மூலக்கூறுகளின் மோதலே காரணம் என்று கணக்கிட்டிருந்தார். 1908இல் பெரின் அதைச் சோதனையால் மெய்ப்பித்தார். அடுத்த ஆண்டே ஆஸ்ட்வால்ட் அணுவை ஏற்றுக்கொண்டார். அதைக் காண போல்ட்ஸ்மான் இல்லை.

மறதிக்குப் பின் நினைவு

அவருடைய சமன்பாடு அவரோடு முடியவில்லை. 1924இல் டாக்காவில் இருந்த நம் நாட்டு சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணப் புதிய முறை ஒன்றைக் கண்டார். எலெக்ட்ரான்களை எண்ணும் முறையை 1926இல் ஃபெர்மி தந்தார. இவ்விரு முறைகளையும் சேர்த்து, 1928இல் நார்டைமும் 1933இல் யூலிங், ஊலன்பெக் இருவரும் போல்ட்ஸ்மான் சமன்பாட்டுக்குக் குவாண்டம் வடிவம் தந்தார்கள்.

அப்போதும் மறதி அப்படியே இருந்தது. ஆனால் நெருக்கமான எலெக்ட்ரான் கூட்டத்தில் ஒரு மோதல் முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். அங்கே துகள்கள் சற்று முன் நடந்ததை மறப்பதில்லை. இந்தக் கணத்தின் மாற்றத்தை அறிய, முந்திய சில கணங்களின் கணக்கையும் கூட்டவேண்டும். அமெரிக்காவில் கடனாஃப், பேய்ம் இருவரும் 1962இலும், சோவியத் நாட்டில் கெல்டிஷ் 1964இலும் இதற்கு வழிவகுத்தனர். 1990களில், ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் பத்துப் பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும் லேசர் ஒளித் துடிப்புகளைக் கொண்டு, குறைகடத்திப் படிகங்களில் இந்த நினைவின் தடத்தைச் சோதனையிலும் கண்டார்கள்.

புதிய சமன்பாடுகள் பழையதைத் தள்ளிவிடவில்லை. துகள்கள் நெருக்கமின்றி இருந்து, நேரமும் போதிய அளவு கடந்துவிட்டால், நினைவு மங்கி அவை போல்ட்ஸ்மானின் சமன்பாடாகவே மாறுகின்றன. அவர் செய்த அனுமானம் பிழையன்று. அதற்கு ஓர் எல்லை உண்டு, அவ்வளவே.

வியன்னா மத்திய இடுகாட்டில் அவருடைய சிலையின் மேலே என்ட்ரோபிச் சூத்திரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேறு புகழுரை எதுவும் அந்த மேதைக்குத் தேவைப்படவில்லை.