மண்வளம் காத்த அறிஞர்

முன்னுரை

உலகத்தார் அனைவரும் உண்டு உயிர்வாழ உதவுவது உழவுத் தொழிலாகும். அத்தொழில் சிறக்க வேண்டுமாயின், உழவருடைய உழைப்போடு அறிஞருடைய ஆராய்ச்சியும் கூடுதல் வேண்டும். ஆராய்ச்சியோ, ஒரு பருவத்தில் விதைத்து மறு பருவத்தில் அறுக்கும் பயிர் அன்று; அதன் பயனைக் காணப் பல ஆண்டுகள் செல்லும். ஏழை உழவர் அத்துணைக் காலம் பொருள் செலவிட்டுக் காத்திருத்தல் இயலாது. ஆதலின், அரசும் பொது அமைப்புகளும் அச்செலவை ஏற்றுக்கொள்ளுதல் இன்றியமையாததாகும். அவ்வாறு கிடைத்த பொதுப் பொருளைக் கொண்டு, மண்ணின் வளம் குன்றாமற் காக்கும் வழியை ஆராய்ந்து உலகிற்கு அறிவித்த பெரியார் ஆல்பர்ட் ஹோவர்டு ஆவார். அவருடைய வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஹோவர்டு 1873-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், இங்கிலாந்து நாட்டில் சிராப்சயர் என்னும் பகுதியில், ஓர் உழவர் குடியில் தோன்றினார். வயலும் கால்நடையும் அவருக்கு இளமையிலேயே பழக்கமாயின. இலண்டன் மாநகரிலும் கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகத்திலும் அறிவியலும் வேளாண்மையும் கற்றுத் தேர்ந்தார்.

1899-ஆம் ஆண்டில் அவர் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோசுக்குச் சென்று, பயிர்களுக்கு வரும் பூஞ்சை நோய்களை ஆராயும் பணியை மேற்கொண்டார். அங்கு அவருக்கு ஆய்வுக்கூடம் இருந்தது. தம் விருப்பப்படி பயிரிட்டுப் பார்க்க நிலம் இல்லை. தாம் பயிரிட்டு அறியாத ஒன்றைப் பற்றி உழவர்க்கு எவ்வாறு அறிவுரை கூறுவது என்னும் ஐயம் அவர் உள்ளத்தை வருத்தியது. அவ்வையமே அவருடைய பிற்கால வாழ்க்கைக்கு வழிகாட்டியாயிற்று.

பூசாவில் ஆற்றிய பணி

கர்சன் பிரபு இந்தியாவின் அரசப் பிரதிநிதியாய் இருந்த காலத்தில், பீகாரில் உள்ள பூசா என்னும் ஊரில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் வழங்கிய நன்கொடை அதற்கு உதவியது. 1905-ஆம் ஆண்டில் ஹோவர்டு அந்நிலையத்தில் தாவரநூல் அறிஞராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே கேபிரியல் என்னும் அறிவிற் சிறந்த அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரும் தாவரநூல் வல்லுநர். கணவனும் மனைவியும் ஒருங்கே ஆராய்ந்து, பூசா 4, பூசா 12 முதலிய உயர்ந்த கோதுமை வகைகளை உருவாக்கினர்.

ஹோவர்டு பூசாவில் முதற்கண் வேண்டிப் பெற்றது ஏறத்தாழ 75 ஏக்கர் நிலமாகும். அண்டை ஊர்களில் வாழ்ந்த உழவர்கள் நஞ்சு மருந்து எதனையும் தெளிக்காமலே பயிரை நோயின்றி வளர்த்ததை அவர் கண்டார். கற்றறிந்த அறிஞராயினும், எழுத்தறியாத அவ்வுழவரைத் தம் ஆசிரியராக ஏற்றுக்கொள்ள அவர் நாணவில்லை. அவர்களுடைய முறைகளைத் தம் நிலத்திற் பின்பற்றினார். நல்ல பயனும் கண்டார். வளமான மண்ணில் விளைந்த தீவனத்தைத் தின்ற தம் எருதுகள், நோயுற்ற மாடுகளோடு நெருங்கியபோதும் கோமாரி நோய்க்கு ஆளாகவில்லை என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

பஞ்சுத் தீர்வை

ஆயினும், பூசாவில் அவருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. அங்கே மண்ணை ஒருவர் ஆராய்ந்தார். பூச்சியை மற்றொருவர் ஆராய்ந்தார். நோயை வேறொருவர் ஆராய்ந்தார். பயிரை முழுமையாக நோக்குவார் இல்லை. ஆகவே, விதை, மண், நீர், எரு ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஆராயும் புதிய நிலையம் ஒன்றை அமைக்க ஹோவர்டு விரும்பினார். அதற்கு வேண்டும் பொருள் எங்கிருந்து கிடைக்கும்?

இந்திய மையப் பருத்திக் குழு 1921-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆலைகள் பயன்படுத்தும் பஞ்சின்மீதும், வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பஞ்சின்மீதும் சிறு தீர்வை விதிக்கும் சட்டம் 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அத்தொகை பருத்தியின் மேம்பாட்டிற்கே செலவிடப்பட்டது. ஹோவர்டு தம் திட்டத்தை விளக்கி அக்குழுவின் உதவியைப் பெற்றார். நடு இந்தியாவில் இருந்த சமஸ்தானங்களும் பொருள் அளித்தன. இந்தூர் அரசு 300 ஏக்கர் நிலம் வழங்கியது. 1924-ஆம் ஆண்டில் இந்தூரில் தாவரத் தொழில் நிலையம் உருவாயிற்று. ஹோவர்டே அதன் தலைவரானார்.

இந்தூர் முறை

அந்நிலையத்தின் நிலம் கரிசல் நிலம். அதற்கு வேண்டிய மட்கிய எருவோ போதிய அளவு கிடைக்கவில்லை; சாணத்தின் பெரும்பகுதி எரிபொருளாகவே அழிந்தது. ஹோவர்டு பண்ணையிற் கழிக்கப்படும் பொருள்கள் அனைத்தையும் எருவாக்க முனைந்தார். கடினமான பருத்திக் கட்டைகளைப் பண்ணைச் சாலைகளிற் பரப்பி, வண்டிச் சக்கரங்கள் ஏறி நொறுங்குமாறு செய்தார். சருகு, களை, சாணம், மாட்டு நீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவை 30 அடி நீளமும் 14 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள குழிகளில் அடுக்கப்பட்டன. காற்றும் ஈரமும் குறையாதவாறு அக்குவியல் மும்முறை புரட்டிவிடப்பட்டது. மூன்று திங்களில் நல்ல எரு ஆயத்தமாயிற்று. இதுவே இந்தூர் முறை எனப்படும். இம்முறையை விளக்கி, ஹோவர்டும் அவருடன் பணிபுரிந்த யசுவந்து வாத் என்பவரும் 1931-ஆம் ஆண்டில் நூல் ஒன்றை வெளியிட்டனர். கென்யா நாட்டுக் காப்பித் தோட்டங்களிலும் இம்முறை பரவியது.

இறுதிக் காலம்

1930-ஆம் ஆண்டில் கேபிரியல் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு ஹோவர்டு பணியினின்றும் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். 1934-ஆம் ஆண்டில் அரசு அவருக்குச் 'சர்' பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1940-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், வயலோடு தொடர்பற்ற ஆராய்ச்சிக்கு எவ்வளவு பொருள் செலவிட்டாலும் உழவருக்குப் பயன் விளையாது என்று அஞ்சாது கண்டித்தார். தொழிற்சாலை உரங்களை அறவே ஒதுக்க வேண்டும் என்ற அவர் கொள்கையை ஏற்காத அறிஞர் பலர் உளர். எனினும், மட்கிய எரு மண்ணின் வளத்தைப் பெருக்கும் என்பதை மறுப்பார் இலர். 1947-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

முடிவுரை

மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பித் தருதல் வேண்டும் என்பது ஹோவர்டு உலகிற்கு உணர்த்திய நெறியாகும். பஞ்சில் திரட்டிய தீர்வை, ஆராய்ச்சியாய் மாறிப் பருத்தி வயலுக்கே மீண்டதும் அந்நெறியின்பாற் பட்டதேயாம். உழவரால் வரும் செல்வத்தில் ஒரு பகுதியை உழவர் நலங்கருதும் ஆராய்ச்சிக்கு அளித்தல் அரசின் கடமை. அப்பொருளை வீணாக்காது வயலிற் பயன் காணுமாறு உழைத்தல் அறிஞரின் கடமை. இவ்விரு கடமைகளும் ஒன்று சேரும் நாட்டில் மண்வளம் குன்றாது. மக்கள் வாழ்வும் தாழாது. மாணவர்களே, சருகையும் சாணத்தையும் இழிவென்று எண்ணாது, அவற்றில் வருங்காலத்தவர் உணவைக் கண்ட அப்பெரியாரின் உழைப்பை நாமும் போற்றுவோமாக.