அ. லலிதா

அ. லலிதா (ஆகஸ்ட் 27, 1919 – அக்டோபர் 12, 1979) இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆவார். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற முதல் பெண்களுள் ஒருவர். மின்செலுத்துத் தடங்கள், துணை மின்நிலையங்கள் ஆகியவற்றின் வடிவமைப்பில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

இளமைக்காலம்

லலிதா சென்னையில் தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அய்யலசோமயாஜுல என்ற குடும்பப் பெயரின் முதலெழுத்தே அவர் பெயரின் முன்னெழுத்தாகும். இவரது தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தார். அக்கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்தாம் வயதில் திருமணம் நடைபெற்றது. எனினும் அவர் பள்ளியிறுதி வகுப்பு வரை படிக்கத் தந்தை வழி செய்தார்.

1937 இல் மகள் பிறந்த நான்கு மாதங்களில் கணவர் காலமானார். அப்போது லலிதாவுக்கு வயது பதினெட்டு. கைம்பெண்கள் தலையை மழித்து வீட்டுக்குள் ஒடுங்கி வாழவேண்டும் என்ற வழக்கம் அந்நாளில் பல குடும்பங்களில் நிலவியது. லலிதா அதனை ஏற்கவில்லை. தம் மகளைத் தாமே உழைத்து வளர்க்க முடிவு செய்தார்.

கல்வி

மயிலாப்பூர் கடற்கரையை ஒட்டிய இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பை முதல் வகுப்பில் தேறினார். அக்காலத்தில் மேற்படிப்பு நாடிய பெண்கள் பெரும்பாலும் மருத்துவத்தைத் தேர்ந்தனர். நேரம் பாராது பணிக்குச் செல்லவேண்டிய மருத்துவத் தொழில் குழந்தையை வளர்ப்பதற்குத் தடையாகும் என்று கருதிய லலிதா, பொறியியலைத் தேர்ந்தார்.

கிண்டி கல்லூரி அதுவரை ஆண்களை மட்டுமே சேர்த்துவந்தது. தந்தையின் வேண்டுகோளை முதல்வர் கே. சி. சாக்கோ ஏற்றார், பொதுக்கல்வி இயக்குநரின் ஒப்புதலும் கிடைத்தது. கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்ற லலிதா, உறவினர் பராமரிப்பில் இருந்த மகளை வார இறுதிகளில் சென்று பார்த்துவந்தார். அவரைத் தொடர்ந்து பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் குடிசார் பொறியியலில் சேர்ந்தனர்.

1943 இல் லலிதா படிப்பை முடித்தார். பட்டச் சான்றிதழில் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்ததால், அதனை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல் எழுதப்பட்டது. பின்னர் ஜமால்பூர் தொடர்வண்டிப் பணிமனையில் செய்முறைப் பயிற்சி பெற்றார்.

பணிகள்

முதலில் சிம்லாவில் இருந்த மத்திய தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராகச் சேர்ந்தார். பின்பு சென்னை திரும்பி, தந்தையின் ஆய்வுகளில் சில மாதங்கள் துணைபுரிந்தார். மின்சார இசைக்கருவி, புகையில்லா அடுப்பு ஆகியவை அவ்வாய்வுகளுள் அடங்கும்.

1948 இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். மின்செலுத்துத் தடங்கள், துணை மின்நிலையங்களின் அமைப்பு, காப்புக் கருவிகள் ஆகியவை அவரது பொறுப்பில் இருந்தன. சட்லெஜ் ஆற்றின் பக்ரா நங்கல் அணைத் திட்டத்திற்கான மின்சாதனப் பணிகளிலும் பங்கு கொண்டார்.

நீர்மின் நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களுக்குத் தொலைவில் அமைகின்றன. மின்னழுத்தத்தை உயர்த்தினால் அதே அளவு மின்திறனைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம். கம்பிகளில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் குறையும். சேருமிடத்தில் துணை மின்நிலையம் அழுத்தத்தைத் தாழ்த்துகிறது. ஓரிடத்தில் பழுது ஏற்படும்போது காப்புக் கருவிகள் அப்பகுதியை மட்டும் துண்டித்து எஞ்சிய வலையமைப்பைக் காக்கின்றன. காற்றாலை, சூரிய மின் நிலையங்களை இணைக்கும் இன்றைய மின்வலையமைப்புகளும் இவ்வடிப்படையிலேயே இயங்குகின்றன.

பன்னாட்டுத் தொடர்புகள்

1953 இல் இலண்டன் மின்பொறியாளர் நிறுவனத்தின் இணை உறுப்பினராகவும், 1966 இல் முழு உறுப்பினராகவும் ஆனார். 1964 ஜூன் மாதம் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாட்டில் கலந்துகொண்டார். இந்தியாவில் பெண் பொறியாளர் அமைப்பு ஏதும் இல்லாமையால் தனிப்பட்ட முறையிலேயே சென்றார். 1965 இல் இலண்டன் பெண் பொறியாளர் சங்கத்தின் முழு உறுப்பினரானார்.

மறைவு

மறுமணம் செய்துகொள்ளாத லலிதா 1977 இல் பணி ஓய்வு பெற்றார். 1979 அக்டோபர் 12 அன்று தமது 60 ஆம் வயதில் காலமானார். அவர் பயின்ற கிண்டி கல்லூரி அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக ஆகியிருந்தது.