வக்கீல் எழுதிய விஞ்ஞானம்

இந்த முறை ஒரு வக்கீலைப் பற்றி எழுதுகிறேன். பெயர் பெ. நா. அப்புசாமி. தமிழ்நாட்டில் அறிவியல் தமிழ் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று. நம்ம பக்கம்தான் கொஞ்சம் மறந்துவிட்டோம்.

ஏன் இவர்? நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். ஆசை மட்டும் வேறு: வானொலியிலும் பத்திரிகையிலும் அறிவியலைத் தமிழில் சொல்லணும். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இதைச் சொன்னால் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: அதில் சோறு கிடைக்குமா? பி.டி.பி.டி.என். கடன் தலைக்கு மேல் இருப்பவனுக்கு அது நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடப் போய்த்தான் அப்புசாமியைப் படித்தேன்.

பிறந்தது 1891 டிசம்பர் 31. திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்துக் குடும்பம். நாவலாசிரியர் அ. மாதவையா இவருக்கு உறவு. சட்டம் படித்து, சென்னையில் வழக்கறிஞரானார். 1917-இல் 'தமிழர் நேசன்' இதழில் பூமியின் வயதைப் பற்றி எழுதினார். அதுதான் முதல் கட்டுரை. (1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய நம்ம 'தமிழ் நேசன்' வேறு, குழப்பிக்க வேண்டாம்.)

அந்தக் காலத்தில் அது லேசான விஷயம் இல்லை. பூமிக்குச் சில கோடி வருஷம்தான் வயது என்று கெல்வின் கணக்குப் போட்டிருந்தார். பாறையில் இருக்கும் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தவர்கள், அதைப் பல மடங்கு கூட்டிவிட்டார்கள். இதையெல்லாம் தமிழில் சொல்லச் சொற்களே பத்தாது. அதற்கு முந்தின வருஷம்தான் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அவரும் வக்கீல்தான் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அப்புசாமி சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். பழந்தமிழ் அவ்வளவு கைவந்தவர், தனித்தமிழாகவே எழுதித் தள்ளியிருக்கலாம். ஆனால் அவர் புத்தகத் தலைப்புகளைப் பாருங்கள்: 'மின்சாரத்தின் விந்தை', 'வானொலியும் ஒலிபரப்பும்', 'அணுவின் கதை'. இன்னொன்றின் பெயர் 'எக்ஸ்-ரே'! ஜனங்கள் வாயில் இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

சென்னையில் அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16-இல் வந்தது. வானொலியிலும் அறிவியல் பேசினார். எழுத்தைவிட இது கஷ்டம். படம் காட்ட முடியாது, கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது. கிள்ளானில் கோயில் சமய வகுப்புப் பிள்ளைகள் சந்திர கிரகணம் பற்றிக் கேட்டபோது எனக்கும் இது புரிந்தது. 'புறநிழல்' என்றால் விழிப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் விரலை நீட்டி, நிழலின் ஓரம் மங்கலாகத் தெரிவதைக் காட்டினால் போதும். வானொலியில் அந்த விரலையும் சொல்லால்தான் காட்டணும்.

சரி, சோறு? அது வக்கீல் தொழிலில் இருந்து வந்தது. படித்தபோது எனக்கு ஏமாற்றம்தான். எழுதி வாழ்ந்த ஒருவரை அல்லவா தேடிப் போனேன்! பிறகு கணக்குப் பார்த்தேன். 1917 முதல் 1986 வரை, கிட்டத்தட்ட எழுபது வருஷம். ஓர் இதழ் நின்றால் இன்னோர் இதழுக்கு எழுதலாம், அடுப்பு அணையாது. அதனால் நானும் முதலில் பொறியியல் வேலைக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறேன். வார இறுதியில் எழுத்து. ஆனால் ஒன்று: தமிழில் அறிவியல் எழுதுவது சேவைதானே என்று காசு கொடுக்காமல் விடுவதை நான் ஏற்க மாட்டேன். அவரால் முடிந்தது என்பதற்காக எல்லாரும் இலவசமாக எழுதணும் என்று சட்டமில்லை.

1910-இல் ஹேலி வால்நட்சத்திரம் வந்தபோது அவருக்கு வயது 18. அது சூரியனைச் சுற்றிவர 76 வருஷம் ஆகும், அதனால் ஒரு மனுஷ ஆயுளில் இரண்டு தடவை வாய்ப்பது அபூர்வம். 1986 தொடக்கத்தில் மறுபடியும் வந்தது. அப்போது அவருக்கு 94. அந்த வருஷம் மே 16-ஆம் தேதி காலமானார்.